75 கிலோமீட்டருக்குள்

திருநெல்வேலியின் மேற்கு விளிம்பில் பேட்டையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் வயல்கள் தொடங்கிவிடும். சுத்தமல்லி, நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் என்று தாமிரபரணியை ஒட்டிய ஊர்கள் வரும். பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய் பிரிகிறது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய். இந்த ஆறு நெல்லுக்கும் பாய்கிறது, பல மாவட்டங்களின் குடிநீர்க் குழாய்களுக்கும் போகிறது.

2024 டிசம்பரில் இந்தச் சுற்று வட்டாரத்தில்தான் ஆஸ்பத்திரிக் குப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தது. ஊசி போட்ட சிரிஞ்சுகள், கையுறைகள், மருந்து அட்டைகள், நடுநடுவே நோயாளிகளின் சீட்டுகள். சீட்டுகளில் திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் பெயர் இருந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, மூன்று நாளுக்குள் கேரளம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றது. கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து, கொட்டியதை அள்ளி ஏற்றிக்கொண்டு போனார்கள். வந்த குப்பை வந்த வழியே திரும்பிப் போனது இந்த நாட்டில் அபூர்வமாகவே நடந்திருக்கிறது.

நான் கொடகநல்லூருக்குப் போனது அதற்கடுத்த ஆனி மாதத்தில். கொட்டிய இடத்தில் இப்போது பார்க்க ஒன்றுமில்லை. உடை மரமும் சீமைக்கருவேலமும் மறுபடி தழைத்துவிட்டன. டீக்கடைக்காரருக்கு மட்டும் ஆத்திரம் ஆறவில்லை.

“அண்ணாச்சி, அந்தச் சீட்டு கெடைக்கலேன்னா ஒண்ணும் நடந்திருக்காது பாத்துக்கிடுங்க. நம்ம ஊரு ஆஸ்பத்திரி குப்பைதாம்னு சொல்லி மூடிருப்பாங்க. பேரு, ஆஸ்பத்திரி எல்லாம் அச்சடிச்சுல்லா கெடந்துது. அதாம் மாட்டுனானுவ.”

அவர் சொன்னது ஒரு பெரிய உண்மை. சட்டப்படி மருத்துவக் கழிவுப் பை ஒவ்வொன்றிலும் பார்கோடு இருக்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரியில் எப்போது கட்டியது என்பது அதில் தெரிய வேண்டும். ஆனால் இங்கே கொட்டியவர்களைக் காட்டிக்கொடுத்தது பார்கோடு இல்லை, யாரோ ஒரு நோயாளியின் சீட்டு. அப்படியானால் பார்கோடு உள்ள பைகள் எந்த வழியாகப் போகின்றன, இந்த மூட்டைகள் எந்த வழியாக வந்தன? குப்பை வந்த பாதையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டு வரை போய், அங்கிருந்து அது போயிருக்க வேண்டிய பாதையிலும் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

புளியரை

நெல்லையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாகர்கோவில், களியக்காவிளை வழிதான் நேர்வழி. நான் தென்காசி, செங்கோட்டை வழியைப் பிடித்தேன். குற்றால சீசன். செங்கோட்டையைத் தாண்டும்போதே சாரல் பஸ்ஸுக்குள் அடித்தது. ஜன்னல் கதவை இறக்கிவிடச் சொல்லி நடத்துநர் கேட்டும் யாரும் இறக்கவில்லை.

புளியரைச் சோதனைச் சாவடியில் இறங்கிக்கொண்டேன். பார்க்க வேண்டியது மலை இல்லை, லாரிகள். எம்-சாண்ட், ஜல்லி, காய்கறி, முட்டை என்று தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குப் போகிற வரிசை மலைப்பாதைக்குக் கீழே நீண்டு நிற்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறவை பெரும்பாலும் வெறும் வண்டிகள். ஒரு டாரஸ் லாரி டிரைவர் சாவடிக் கடையில் புரோட்டாவுக்குக் காத்திருந்தார். வெறும் வண்டி பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

“போகையில லோடு, வரையில காலி. காலியா வந்தா டீசல் காசு ஓனரு கையில இருந்துல்லா போவுது? அங்கன ஒருத்தன் வந்து, ‘சும்மாதான போறீரு, இத ஏத்திக்கிடும், வழியில எங்கயாவது தட்டிருங்க’ம்பான். நான் ஏத்த மாட்டேன். ஏத்துதவன் இருக்கான்.”

இந்த மொத்த விவகாரத்தின் பொருளாதாரமும் அந்த நாலு வரியில் இருக்கிறது. கோழிக் கழிவும் மீன் கழிவும் எல்லை தாண்டி வருவது இதே திரும்புகால் லாரிகளில்தான். குப்பையை முறைப்படி ஒழிக்கக் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். காலி லாரிக்காரருக்கு அதில் ஒரு பங்கைக் கொடுத்தாலே போதும், அது மலை இறங்கிவிடும்.

தமிழ்நாடு இதைத் தடுக்கச் சட்டத்தை இறுக்கியிருக்கிறது. குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டத்தில் மருத்துவக் கழிவு கொட்டுவோரையும் சேர்க்கும் திருத்த மசோதா 2025 ஏப்ரலில் சட்டமன்றத்துக்கு வந்தது. சாவடியில் வண்டிகளின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறார்கள். ஆனால் சாவடி என்பது பாதையின் கடைசிக் கண்ணி. தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது ஏற்கெனவே கலந்துபோன குப்பை. கலந்த இடம் இன்னும் மேற்கே இருக்கிறது.

பாலோடு

எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு. அதன்பின், தென்மலைக்குச் சற்று முன், பதின்மூன்று கண் ரயில் பாலம் சாலைக்கு இணையாகக் கூடவே வருகிறது. தென்மலையிலிருந்து நேரே போனால் புனலூர். தெற்கே திரும்பினால் குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம். ரப்பர் தோட்டம் விட்டால் காடு, காடு விட்டால் ரப்பர் தோட்டம். சாலையோரத்து ஓடைகள் சில இடங்களில் சதுப்பாகத் தேங்கி நிற்கின்றன. அந்தச் சதுப்புகளில் காட்டுச் சாதிக்காய் இனத்து மரங்கள் வேர்களை முழங்கால் மாதிரி மடக்கி நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படிப்பட்ட சதுப்புக்காடு மிச்சமிருப்பது வெகு சில இடங்களில்தான்.

பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஒன்று இருக்கிறது, ஜவாஹர்லால் நேருவின் பெயரில். காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, அதன் வருவாயில் அம்மக்களுக்கும் பங்கு கொடுத்தது இந்த நிறுவனம்தான். பூங்காவிலிருந்து அதிகத் தொலைவில்லாத பெரிங்கம்மல பஞ்சாயத்துப் பகுதியில்தான் சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று அமைக்கத் திட்டமிட்டார்கள். இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை நடத்தும் ‘இமேஜ்’ அமைப்பின் திட்டம் அது. 2018ஐ ஒட்டி எதிர்ப்பு வெடித்தது. பழங்குடிக் குடியிருப்பு பக்கத்தில், நீர்ச்சதுப்பு பக்கத்தில், காடு பக்கத்தில், இங்கே எப்படி எரியுலை வைக்கலாம் என்று கேட்டார்கள். திட்டம் நடக்கவில்லை.

கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. மருந்தைக் காட்டிக்கொடுத்த காட்டுக்கு மருந்தின் கழிவைத் திருப்பி அனுப்புவது எந்த நியாயத்திலும் சேராது. ஆனால் பெரிங்கம்மலயில் வேண்டாம் என்றால் வேறெங்கே என்ற கேள்விக்கு மற்ற ஊர்களும் இதே பதிலைத்தான் சொல்லின. திருவனந்தபுரத்தின் குப்பை போக இடம் தேடி நின்ற கதையின் ஒரு பாதியை இந்தச் சதுப்புக்காட்டின் ஓரத்தில் பார்த்தேன் என்று சொல்லலாம்.

திருவனந்தபுரம்

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பெரும்பாலும் திருவனந்தபுரம்தான். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்திலிருந்து நோயாளிகளும் வருகிறார்கள், வேலைக்கும் வருகிறார்கள். நான் பார்க்கப் போன மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புப் பொறுப்பிலிருந்த நர்ஸும் அந்தப் பக்கத்துக்காரர். மலையாளத்தில் ஒரு வார்டு பாயை விரட்டிவிட்டு, என்னிடம் குமரித் தமிழில் பேசினார்.

“இந்த வேலை மொத்தமும் கட்டிலுக்குப் பக்கத்திலயாக்கும் சார். கையில இருக்கும்போ எது என்னன்னு தெரியும். பெட்டியில விழுந்த பொறவு யாருக்கும் தெரியாது.”

வார்டின் மூலையில் வரிசையாகப் பெட்டிகள். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் நான்கு நிறங்களைத்தான் வைத்திருக்கின்றன. ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, உடலிலிருந்து வெட்டியெடுத்த பாகம், காலாவதியான மருந்து ஆகியவை மஞ்சளுக்கு. டிரிப் குழாய், யூரின் பேக், கதீட்டர், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு எல்லாம் சிவப்புக்கு. ஊசி, பிளேடு ஆகியவை குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. மருந்துக் குப்பி, உடைந்த கண்ணாடி, எலும்பில் பொருத்தி எடுத்த உலோகத் தகடு ஆகியவை நீலத்துக்கு. புற்றுநோய் மருந்து பட்டவை மஞ்சளிலேயே தனி முத்திரை போட்ட பையில் போகும். அவற்றை 1200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டும், இல்லையானால் மருந்துக் கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

நிறம் என்பது அந்தப் பொருள் எப்படிச் சாக வேண்டும் என்பதற்கான குறிப்பு. மஞ்சள் எரியப் போகிறது. சிவப்பு நீராவியில் வெந்து, துண்டு துண்டாகி, மறுசுழற்சிக்குப் போகிறது. இரண்டையும் மாற்றிப் போட்டால் இரட்டைக் கேடு. டிரிப் குழாயும் யூரின் பேக்கும் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். அதில் குளோரின் இருக்கிறது. சரியான சூட்டில் எரியாத குளோரினிலிருந்து டயாக்சின், பியூரான் என்ற கொடிய நச்சுகள் பிறக்கும். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கில் கழிவுப் பைகளையே செய்யக் கூடாது என்று விதி தடுத்திருப்பதும் அதனால்தான். மறுபக்கம், ரத்தப் பஞ்சு சிவப்புப் பையில் விழுந்தால் அது எரிக்கப்படாமல் பிளாஸ்டிக் துண்டுகளோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

நர்ஸ் ஒரு சிரிஞ்சை எடுத்து, மேசைமேல் இருந்த நீடில் கட்டரில் நுழைத்துக் காட்டினார். ஊசி அறுந்து வெள்ளை டப்பாவுக்குள் விழுந்தது. சிரிஞ்சின் மூக்கும் சேர்ந்து அறுந்துவிட்டது. இனி யாரும் அதைக் கழுவி மறுபடி விற்க முடியாது. அந்தச் சின்னச் செயலுக்குப் பின்னால் ஒரு பெரிய சாவு வரலாறு இருக்கிறது. 2009 பிப்ரவரியில் குஜராத்தின் மோடாசா வட்டாரத்தில் மஞ்சள் காமாலை பரவிப் பலர் இறந்தார்கள். ஹெபடைடிஸ் பி. ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை இன்னொருவருக்கும் போட்டதே காரணம் என்று விசாரணை சொன்னது. பயன்படுத்திய சிரிஞ்சுகள் பழைய சாமான் கிடங்குகளில் குவியல் குவியலாகப் பிடிபட்டன. குப்பையில் போனது சந்தைக்குத் திரும்பி வந்த கதை அது.

குப்பை அள்ளும் கைக்கும் ஆபத்துண்டு. தொற்றுள்ள நோயாளிக்குக் குத்திய ஊசி தவறிக் கையில் குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்ற நூற்றுக்கு 30 வரை வாய்ப்பு, ஹெபடைடிஸ் சி 1.8, எச்.ஐ.வி. 0.3 என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசி உண்டு. கழிவைக் கையாளும் அத்தனை பேருக்கும் அதையும் டெட்டனஸ் ஊசியையும் போட்டாக வேண்டும் என்பது விதி. ஒப்பந்தத் தொழிலாளி மாதம் ஒருவராக மாறிக்கொண்டிருக்கும் இடங்களில் முதலில் விட்டுப்போவது இதுதான் என்றார் நர்ஸ்.

“இதெல்லாம் சரி சிஸ்டர், அந்த அஞ்சாவது பெட்டி?” என்று கேட்டேன். நான்கு நிறப் பெட்டிகளுக்கு அப்பால் கறுப்புப் பை போட்ட ஒன்று நின்றது.

“அது ஜெனரல் வேஸ்ட். பைஸ்டாண்டர்மாரு போடுறது.”

கேரள ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையிருப்பவரைப் பைஸ்டாண்டர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆரஞ்சுத் தோல், சோற்றுப் பொட்டலம், பிஸ்கட் உறை, மருந்து வாங்கிய காகிதம், பழைய சீட்டு எல்லாம் அதில். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆஸ்பத்திரிக் கழிவில் 85 சதவீதம் இப்படிப்பட்ட சாதாரணக் குப்பைதான். தொற்றோ நச்சோ உள்ளது மீதி 15.

கொடகநல்லூரில் எழுந்த கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது. அந்த 15 சதவீதத்துக்குப் பார்கோடு, மூடிய வண்டி, ஜி.பி.எஸ்., பதிவேடு, சுத்திகரிப்பு நிலையம் என்று ஒரு தனிப் பாதை இருக்கிறது. 85 சதவீதத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பல ஆஸ்பத்திரிகளில் அதை எடுக்க வேறொரு ஒப்பந்ததாரர் வருவார். அவர் எங்கே கொண்டுபோகிறார் என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, சாதாரணக் குப்பைதானே என்ற எண்ணம். சோற்றுப் பொட்டலத்தோடு ஒரு சிரிஞ்சு விழுந்தால்கூடச் சட்டப்படி மொத்தப் பையும் மருத்துவக் கழிவாகிவிடும், ஆனால் பை கறுப்பு. பார்கோடு இல்லாத பாதையில்தான் அது போகும். நோயாளிச் சீட்டும் சிரிஞ்சும் ஒரே மூட்டைக்குள் இருந்ததன் சூட்சுமம் இதுதான்.

கட்டணமும் கலப்படத்தைத் தூண்டுகிறது. கழிவு எடுப்பதற்கு எடைக்கு இவ்வளவு என்று கட்டும் ஆஸ்பத்திரியில், மஞ்சளில் போட வேண்டியது கறுப்புக்கு நழுவினால் நிர்வாகத்துக்கு லாபம். படுக்கைக்கு இவ்வளவு என்று கட்டும் இடத்தில் ஆரஞ்சுத் தோலும் மஞ்சளுக்கே போகும், எவ்வளவு போட்டாலும் காசு ஒன்றுதானே. ஒன்றில் நச்சு ஊருக்குள் வருகிறது, மற்றதில் எரிக்க வேண்டாதது எரிகிறது.

பாலக்காடு

காலை ரயிலில் வடக்கே கிளம்பினேன். கொல்லம், கோட்டயம், எர்ணாகுளம், திருச்சூர். மழையில் நனைந்த கேரளம் ஜன்னலில் ஓடிக்கொண்டே இருக்க, பாலக்காடு வரப் பகல் கழிந்துவிட்டது. சாலையில் இந்தத் தூரம் 300 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரத்தின் மஞ்சள் பைகள் பல ஆண்டுகள் பயணம் செய்த தூரம் இது.

‘இமேஜ்’ நிலையம் 2003இல் பாலக்காடு மாவட்டத்தில் தொடங்கியது. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை வட்டாரத்தில், மலை அடிவாரத்தில். வெகுகாலம் கேரளம் முழுமைக்கும் அது ஒன்றுதான். காசர்கோட்டிலிருந்து பாறசாலை வரை நீண்டு கிடக்கும் மாநிலத்தின் ஆஸ்பத்திரிக் கழிவு முழுவதும் இந்த ஓரிடத்துக்கு வந்து சேர வேண்டியிருந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதலோ, ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் 75 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆஸ்பத்திரிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. அந்தத் தூரத்துக்குள் 10,000 படுக்கைகள் இல்லாவிட்டால் 150 கிலோமீட்டர் வரை நீட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் கூடாது. சுத்திகரிக்காத ரத்தப் பஞ்சையும் உடல் பாகத்தையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால்தான் இந்தத் தூரக் கணக்கு.

பின்னாளில் எர்ணாகுளம் மாவட்டத்தின் அம்பலமுகளில் இன்னொரு நிலையம் வந்தது. அதுவும் திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். திருநெல்வேலியோ நாகர்கோவில் வழியாகச் சுமார் 150. தேசப்படத்தில் ஒரு நூலை வைத்து அளந்தால் போதும், குப்பை ஏன் நெல்லைக்கு வந்தது என்று தெரிந்துவிடும். சட்டப்படி போக வேண்டிய இடம் இரண்டுமே, சட்டத்துக்குப் புறம்பாகப் போன இடத்தைவிடத் தள்ளி இருக்கின்றன. நேர்மையான வழி தூரமாகவும் செலவாகவும் இருக்கும்போது, புளியரை டிரைவர் சொன்ன காலி லாரி பக்கத்தில் வந்து நிற்கிறது.

கஞ்சிக்கோட்டில் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி வீசியது. ஆலைகளின் புகை நிற்காமல் கிழக்கே சாய்ந்தது. கிழக்கே வாளையாறு, அதற்கப்பால் கோயம்புத்தூர். கேரளம் தனக்குள்ளேயே முறைப்படி கழிவை அனுப்பியபோதும், அது எல்லையின் ஓரத்து ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறது. எதிர்க்கக் குரல் குறைந்த இடம் நோக்கியே எந்த மாநிலத்திலும் குப்பை நகரும். தமிழ்நாட்டிலும் கண்மாய்க் கரையில் டிரிப் குழாயும் காலிக் குப்பியும் கிடந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவை மலை ஏறி வந்தவை என்று சொல்லிவிட முடியாது.

சிம்னிக்குக் கீழே

வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தபின் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போக அனுமதி கிடைத்தது. ஊரையும் நிறுவனத்தையும் எழுதக் கூடாது என்பது நிபந்தனை. பூட்ஸ், கையுறை, முகக்கவசம் மாட்டிக்கொண்ட பிறகே கேட்டைத் திறந்தார்கள்.

மூக்கு முதலில் எதிர்பார்த்த நாற்றம் இல்லை. குளோரின் வாடையும் வெந்த பிளாஸ்டிக் வாடையுமாகக் கலந்து அடித்தது. வண்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பையையும் தராசில் வைத்து, பார்கோட்டை வாசித்து, நிறவாரியாகத் தள்ளினார்கள். எடை கணினியில் ஏறுகிறது. ஆஸ்பத்திரியில் கட்டியபோது இருந்த எடையும் இங்கே வந்த எடையும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் வழியில் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

சிவப்புப் பைகள் ஆட்டோகிளேவுக்குள் போயின. வீட்டு பிரஷர் குக்கரின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம், ஆள் நுழையும் அளவு வாய். 121 டிகிரி சூடு, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம். சாதாரண வகையில் 60 நிமிடம், உள்ளிருக்கும் காற்றை முதலில் உறிஞ்சி எடுக்கும் வகையில் 45 நிமிடம். கிருமி உண்மையிலேயே செத்ததா என்று பார்க்க, சூட்டுக்கு லேசில் சாகாத ஒரு பாக்டீரியாவின் வித்துகளை ஒரு சிறு குப்பியில் வைத்துப் பைகளுக்கு நடுவில் செருகுகிறார்கள். ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் என்பது அதன் பெயர். வெந்து முடிந்ததும் அந்தக் குப்பியை வித்து வளரக்கூடிய சூட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஊதா நிறம் மஞ்சளாகிவிட்டால் வித்து பிழைத்திருக்கிறது, அந்தச் சுற்று தோல்வி. ஊதாவாகவே இருந்தால் மற்ற கிருமிகளும் செத்தன. அதற்கப்புறம் ஷ்ரெட்டர். சிரிஞ்சும் குழாயும் என்னவாக இருந்தன என்று தெரியாதபடி சீவலாகி விழுகின்றன. அந்தச் சீவல் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குப் போகிறது.

மஞ்சள் பைகளுக்கு எரியுலை. இரண்டு அறைகள். முதல் அறையில் 800 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கழிவு எரிகிறது. அதிலிருந்து எழும் புகை இரண்டாம் அறைக்குள் போய் 1050 டிகிரியில் மறுபடி எரிய வேண்டும், குறைந்தது 2 விநாடி அங்கே தங்க வேண்டும். டயாக்சின் அறுபடுவது அந்த 2 விநாடியில்தான். பிறகு புகையைக் குளிர்வித்து, கழுவி, 30 மீட்டருக்குக் குறையாத சிம்னி வழியே விடுகிறார்கள். சிம்னியின் அளவுகள் இணையத்தின் வழியே நேரே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். சாம்பலும் குப்பை இல்லை, அபாயக் கழிவு. அது தனியே அமைத்த பாதுகாப்பான நிலநிரப்பிடத்துக்குப் போகிறது.

பொறுப்பாளர் ஒரு மஞ்சள் பையைச் சுட்டிக் காட்டினார். கனமாக, தொளதொளவென்று இருந்தது.

“இது சார் எங்க பெரிய தலைவலி. உள்ள சாப்பாடு. ஈரம். இத போட்டா சூடு இறங்கிடும். சூடு இறங்கினா அந்த ரெண்டு செகண்டு வேலையே நடக்காது. டீசல் ஊத்திச் சூட்ட ஏத்தணும். பிரிச்சு அனுப்புனாங்கன்னா பாதி வேலை மிச்சம். வர்ற எடையும் குறையும், இந்த உலையவே சின்னதா கட்டியிருக்கலாம்.”

அவர் சொன்ன கடைசி வரிதான் இந்தப் பயணம் முழுவதற்கும் பொருள் கொடுத்தது. சிறிய உலை என்றால் சிறிய இடம். சிறிய இடம் என்றால் ஊர்க்காரர்கள் சகித்துக்கொள்ளக் கூடிய ஒன்றை ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்திலேயே வைக்க முடியும். பக்கத்தில் வைத்தால் 300 கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை, காலி லாரிக்கு வேலை இல்லை. வார்டில் அந்த நர்ஸ் சொன்ன கட்டிலோரத்துக் கணமும் கொடகநல்லூரின் மூட்டைகளும் நேர்க்கோட்டில் இணைகிற இடம் இது.

இந்தியாவில் இந்த வேலைக்கு விதி வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், டெல்லியில் 50 படுக்கைக்கு மேலுள்ள ஆஸ்பத்திரிகள் எரியுலை வைக்க வேண்டும் என்றது. 1998இல் முதல் விதிகள் வந்தன. ஆஸ்பத்திரிக்கு ஓர் உலை என்பது ஊருக்கு நடுவே புகையைக் கொண்டுவந்து நிறுத்தவே, பொது நிலையங்கள் பக்கம் நாடு திரும்பியது. 75 கிலோமீட்டருக்குள் பொது நிலையம் இருந்தால் ஆஸ்பத்திரி சொந்தமாகச் சுத்திகரிப்பு வைக்கவே கூடாது என்பது 2016 விதி. பொது நிலையம் எட்டாத மலைக்கிராம ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் ஆழக் குழி ஏற்பாடு உண்டு. சுமார் 2 மீட்டர் ஆழம், பாதி வரை கழிவு, அதன்மேல் சுண்ணாம்பு, பிறகு மண். விதிகள் வளர்ந்த திசை சரியானதுதான். அவை கண்வைக்காமல் விட்டது அந்தக் கறுப்புப் பையை.

ஆகவே, செய்ய வேண்டியவை புளியரைச் சாவடியில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும் சாதாரணக் குப்பையும் எடை போட்டு, வண்டி எண்ணோடு பதிவாகி, சேருமிடத்தில் மறுபடி எடை போடப்பட வேண்டும். அதை எடுக்கும் ஒப்பந்ததாரர் எங்கே கொட்டுகிறார் என்பதற்கு ஆஸ்பத்திரியே பொறுப்பேற்க வேண்டும். படுக்கைக் கணக்கும் எடைக் கணக்கும் கலப்படத்தைத் தூண்டாத வகையில் கட்டணத்தை மாற்ற வேண்டும். தென்கேரளத்துக்குப் பக்கத்திலேயே, காட்டை விட்டுத் தள்ளி, ஒரு நிலையம் வேண்டும். நம் தென்மாவட்டங்களில் தூரம் என்ன, கணக்கு என்ன என்று நாமும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

தன் ஊருக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்று மனுக் கொடுத்த ஊர் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. தன் ஊருக்குச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்று மனுக் கொடுத்த ஊரையும் கேள்விப்பட்டதில்லை. முதல் மனுவை வாங்கும்போதே இரண்டாவதையும் சேர்த்து எழுதி வாங்குகிற அரசு வரும் வரைக்கும், யாரோ ஒருவருடைய வயலோரம் அதற்கான இடமாக இருந்துகொண்டுதான் இருக்கும்.